கராலாவின் பங்கு

காலையில் மேகம் கூடாரத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும் மேய்ச்சல் மலை அது. பாதி உறக்கத்திலேயே கேட்டார் ஒரோஸ்பெக்.

"மாத்திரை இன்னிக்கும் கொழுப்புக்குள்ளதானா?"

"ஆமாங்க. கொழுப்போட போனாத்தான் ரத்தத்துல ஏறுமாம். ஈரல்ல இருக்கிற புழு பட்டினி கிடந்து சாகுமாம். அது போர்த்திக்கிட்டிருக்கிற போர்வை கிழிஞ்சாத்தான் நம்ம உடம்போட காவல் முழிச்சுக்கும்னு டாக்டர் சொன்னாரே," என்றாள் மனைவி அனார்குல்.

ஆட்டுவால் கொழுப்பென்றாலே அவருக்குக் குமட்டும். அவள் தேநீர் ஊற்றத் திரும்பியதும், உருண்டையைக் கூடாரக் கம்பளியின் அடிவழியே வெளியே நீட்டினார். அவருடைய நாய் கராலா சத்தமில்லாமல் விழுங்கியது. பிறகு பாலாடை மிதக்கும் உப்புத் தேநீரைக் குடித்துவிட்டு மறுபடி கண்ணயர்ந்தார். அவர் வயிற்றுக்குள்ளே கராலா காவல் சுற்றி வருவதுபோல் ஒரு கனவு.

கோடை இப்படியே மிதந்து போனது. இலையுதிர்காலத்தில் ஸ்கேன் பார்த்த டாக்டர், "புழு செத்துப்போச்சு," என்று சிரித்தார்.

திரும்பும் வழியில் அவருக்கு மனசு கேட்கவில்லை. "அடியே, நான் ஒரு மாத்திரைகூடத் திங்கலை. எல்லாத்தையும் கராலாவுக்குத்தான் போட்டேன்."

"தெரியும். உங்க மாத்திரையைப் பொடிச்சுத் தேநீர்ப் பாலாடையில கலந்துட்டேன். அதுவும் கொழுப்புதானே."

"அப்ப கொழுப்புல?"

"மாசத்துக்கு ஒருதரம் நாய்க்கான புழு மாத்திரை, மத்த நாள் வெறும் கொழுப்பு. அதுகிட்டேயிருந்துதானே உங்களுக்குப் புழு வந்துச்சு! மருந்து குடுத்தா மோப்பம் போயிடும்னு நீங்க குதிச்சீங்க. அதுவோ வேற யார் கையிலயும் வாங்காது. அதான், உங்க கையாலயே குடுக்க வெச்சேன்."