இடப்பக்கக் கம்பளி

நாற்பது வருடம் ஜாஸ் பியானோ வாசித்து இசையமைத்தவரின் தொழில், பக்கவாதத்தில் இடக்கை விழுந்ததோடு படுத்துவிட்டது. மூன்று வருடமாக வலக்கையால் மட்டும்தான் வாசிக்கிறார்.

சுருதி சேர்க்க வந்தவர் பியானோவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது? போன வருஷம்தான் தந்தியை அடிக்கிற சுத்தியலுக்கெல்லாம் புதுக் கம்பளி போட்டேன். இடக்கை வாசிக்கிற இடப்பக்கம் மட்டும் கிழிஞ்சே போயிருக்கு."

மனைவிக்குச் சுருக்கென்றது. வீட்டில் இருப்பது இரண்டே பேர்; அவளுக்கோ வாசிக்கத் தெரியாது.

சுருதி சேர்த்தவர் போனதும் நகவெட்டியோடு கணவரிடம் வந்தாள். இடக்கையால் நகவெட்டியை அழுத்த வராது என்பதால், வலக்கை நகங்களை ஞாயிறுதோறும் வெட்டிவிடுவது அவள்தான். ஐந்தும் ஏற்கெனவே ஒட்ட வெட்டப்பட்டிருந்தன.

"யாருங்க வெட்டினது? எனக்கே காதுல பூ சுத்துறீங்களா?"

அவர் மடியில் துவண்டு கிடந்த இடக்கையையே பார்த்தபடி, வலக்கையை மெல்ல அதற்கு எட்டாதபடி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.