பொய்க்குக் கீழே கையெழுத்து

‘பயன்படுத்தவில்லை’ என்ற சொல்லின் மேல் அவள் ஒரு கோடு கிழித்தாள்.

கோணல் இல்லாத கோடு. அடித்த சொல் படிக்கும்படியே இருந்தது. அதற்கு மேலே, சின்ன எழுத்தில், ‘பயன்படுத்தினேன்’ என்று எழுதினாள்.

துறை அலுவலகத்தின் கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம், எழுத்தரின் கை ஓங்கிய முத்திரையோடு அப்படியே நின்றது. முத்திரை இல்லாத கையோடு அவரை யாரும் பார்த்ததில்லை. அதனால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் சீல் அண்ணன்.

ஆய்வேடு ஒப்படைக்க அன்றுதான் கடைசி நாள். நான்கு மணிக்கு ஜன்னலை மூடிவிடுவார்கள். வரிசை படிக்கட்டு வரை நீண்டிருந்தது. ஒவ்வொருவர் கையிலும் நீல அட்டை போட்ட கனத்த பிரதி, அதன்மேல் புகைப்படம் ஒட்டிய ஒற்றைத் தாள். ‘இந்த ஆய்வேட்டுக்கு ஏஐ எதையும் நான் பயன்படுத்தவில்லை’ என்ற உறுதிமொழி. இந்த ஆண்டுதான் புதிதாக வந்தது. காலையிலிருந்து எல்லாரும் நின்றவாக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

எல்லாரும் பயன்படுத்தியவர்கள்தான். விடுதியில் ஏஐக்கு ‘அவன்’ என்றே பெயர். அவனிடம் கேட்டாயா என்றால், எவனிடம் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

எழுத்தர் குரலைத் தணித்துக்கொண்டு, வேறு தாள் தருவதாகச் சொன்னார். அடித்தல் திருத்தல் இருக்கிற தாள் நேராக விசாரணைக் குழுவுக்குப் போகும். பட்டத்தை எத்தனை மாதம் இழுத்தடிப்பார்கள் என்று அவருக்கே தெரியாது. அடுத்த மாதம் வேலையில் சேர வேண்டிய பெண். அதற்கான சான்றிதழைப் போன வாரம் அவரே அடித்துக் கொடுத்திருந்தார். எதற்கு வீண் வம்பு என்றார்.

"எல்லாரும் போடறதுதாம்மா. யாரு இதைப் படிக்கப் போறாங்க?"

பின்னால் நின்ற அறைத்தோழி அவள் முழங்கையைக் கிள்ளினாள். இவள் ஒருத்தி ஒத்துக்கொண்டால் மற்றவர்களையும் தோண்டித் துருவ மாட்டார்களா என்று காதோரம் பல்லைக் கடித்தாள். இரண்டு வருடம் ஒரே அறையில் கிடந்ததற்கு இதுதான் கைம்மாறா என்றும் கேட்டாள்.

அடுத்த மாதம் சேர வேண்டிய வேலை அவளுக்கும் நினைவில் இருந்தது. அந்த வேலையைப் பற்றி அப்பா தெருவில் ஒருவர் விடாமல் சொல்லிவைத்திருந்தார்.

ஆனால் அந்த நீல அட்டைக்குள் இருந்தவர்கள் அறுபத்து மூன்று பெண்கள்.

மருத்துவமனைச் சலவைக்கூடங்களில் துணி வெளுக்கிறவர்கள். ஒரு வருடத்துக்கு மேல் அந்த நீராவிக்கு நடுவில் உட்கார்ந்து அவர்களோடு பேசியிருக்கிறாள். அவர்கள் சாப்பிட உட்காரும் இருபது நிமிடத்துக்காக வாசலில் இரண்டு மணி நேரம் கால் கடுக்க நின்றிருக்கிறாள்.

அவளும் அவனிடம் கேட்டவள்தான். விளங்காத ஆங்கிலக் கட்டுரைகளை விளக்கச் சொன்னாள். அட்டவணைகளைச் சரிபார்க்கச் சொன்னாள். ஒரு நாள் அலுத்துப்போய், நான்காம் அத்தியாயத்தையே எழுதச் சொல்லிவிட்டாள்.

கண்மூடித் திறப்பதற்குள் எழுதிக் கொடுத்தான். தங்குதடையில்லாத நடை. அதில் வந்த பெண்கள் எல்லாரும் உழைப்பின் மேன்மையைப் பற்றிப் பேசினார்கள். ஒருத்திக்கும் சலவைச் சோடாவில் விரல்நுனி உரிந்திருக்கவில்லை. ஒருத்தியும் மேற்பார்வையாளனை வாய்க்கு வந்தபடி திட்டவில்லை.

அதை அழித்துவிட்டு அவள் மறுபடியும் சலவைக்கூடத்துக்குப் போனாள். நாற்பது நாள் போனாள். நான்காம் அத்தியாயம் அப்படித்தான் வந்தது.

‘பயன்படுத்தவில்லை’ என்று போட்டால் அந்த நாற்பது நாளும் எங்கே போகும்?

"கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லலண்ணா. பொய்க்குக் கீழ போட மாட்டேன்னுதான் சொல்றேன்."

சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பினாள். எதையெல்லாம் அவனிடம் கேட்டாள், எதை எடுத்துக்கொண்டாள், எதைத் தூக்கி எறிந்தாள், எதெல்லாம் தானே நடையாய் நடந்து கொண்டுவந்தது என்று எழுத ஆரம்பித்தாள். வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். அவள் நிமிரவில்லை. பக்கம் நிறைந்ததும், தலைப்பெழுத்தைச் சுருக்காமல் அப்பாவின் பெயரை முழுசாக எழுதி, அதை அடுத்துத் தன் பெயரை எழுதினாள்.

எழுத்தர் வாங்கிப் படித்தார். அன்று அவர் படித்த முதல் தாள் அதுவாகத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் நிதானமாகப் படித்து, முத்திரை குத்தி, ஒப்புகைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

அவள் தலை நிமிர்ந்து நகர்ந்தாள்.

அவர் அவளைக் கொஞ்சம் நிற்கச் சொன்னார். விசாரணைக் குழுவுக்கான கடிதத்தைக் கையோடு எழுதப் போகிறார் என்று நினைத்தாள். போகட்டும் என்று நின்றாள்.

எழுத்தர், காலையிலிருந்து வாங்கி அடுக்கிய தாள்களின் அடியிலிருந்து ஒன்றை உருவினார். எல்லாருக்கும் முன்னால் கையெழுத்தாகி வந்து சேர்ந்த தாள். மூலையில் ஒட்டியிருந்த புகைப்படத்தில், தலையைப் படிய வாரி, கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு அவரே இருந்தார். அதற்குக் கீழே, மாலைநேர வகுப்பு, இறுதி ஆண்டு என்று இருந்தது.

அவரும் படிக்கிறார் என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அதுவரை யாருக்கும் தெரியாது.

அந்தத் தாளைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"முதல் வரியை எப்படி ஆரம்பிச்சே?"

அவள் சொன்னாள். எழுதிக்கொண்டார்.

இரண்டாவது வரியிலிருந்து அவர் யாரையும் கேட்கவில்லை.