பக்கத்து ரூம்

புதுப் பொண்டாட்டி வீட்டுக்கு வர்ற மாதிரி, சிவராம் பக்கத்து ரூம் கட்டிலுக்குப் புது பெட்ஷீட் விரிச்சுக்கிட்டிருந்தான். மாமல்லபுரத்தை ஒட்டின குப்பத்துல வச்சலாக்கா வீட்டு மாடி. மாடியில ரெண்டே ரூம். ஒண்ணு அவனுக்கு, இன்னொண்ணு வரப்போற விஷாகாவுக்கு.

"இன்னா தம்பி, கல்யாண வூடு கணக்கா ஜோடிச்சுகினு கீறே?" கீழ மீன் ஆஞ்சுக்கிட்டே வச்சலாக்கா குரல் குடுத்துச்சு. "இன்னிக்கும் தலைவலியா? தைலம் வோணுமா?"

"இன்னைக்கு இல்லக்கா."

"அந்தப் பொண்ணு நெஜமா வருதா, இல்ல இந்த வாட்டியும் டபாய்க்குமா?"

"வர்றாக்கா. இன்னைக்கு கன்ஃபார்ம்."

"வரட்டும். வஞ்சிரம் எடுத்து வெச்சுகீறேன்." ஈரக்கையை முந்தானையில துடைச்சுக்கிட்டு இடுப்புல இருந்து போனை எடுத்துச்சு அக்கா. மீன்காரங்க குரூப்புல விலை கேட்டு மெசேஜ் வந்துக்கிட்டே இருக்குமாம். எந்நேரமும் அதுலதான் கண்ணு.

சிவராமுக்கு ஊர் சுத்தறதுதான் பொழப்பு. மலை, பீச்சு, ஹோட்டல்னு யார் கேட்டாலும் எழுதிக் குடுப்பான். எழுதற ஊர்லயே ஒரு மாசம் தங்குவான், அப்புறம் மூட்டையைக் கட்டிடுவான். தென்காசியில வீடு இருக்கு, போய் ரொம்ப நாளாச்சு. சார்ஜ் போட இடம் இருக்கற டீக்கடையாப் பார்த்து உக்காந்து எழுதற வாழ்க்கையில, சாப்டியான்னு கேட்கத்தான் ஆளில்ல.

அப்பதான் ஃபேஸ்புக்ல விஷாகா கிடைச்சா. அவளும் இதே மாதிரி ஊர் ஊராப் போய் எழுதறவ. "மாமல்லபுரத்துல வச்சலாக்கா வீட்டுக்குப் போ. நெட்டு நல்லா கிடைக்கும், மீன் குழம்பு பிரமாதம். பின்னாலயே நானும் வர்றேன்"னு எழுதினா. அன்னைக்கு ராத்திரியே பஸ் ஏறிட்டான்.

அவதான் வரல. ஒரு தடவை கோகர்ணத்துல வேலை முடியல, ஒரு தடவை காய்ச்சல். இங்க சித்திரை வெயில் மண்டையைப் பொளக்க ஆரம்பிச்சு, டூரிஸ்ட் எல்லாம் ஓடியே போயாச்சு. சிவராம் மட்டும் மாசாமாசம் வாடகை குடுத்து ரூமை நீட்டிக்கிட்டே இருந்தான்.

விஷாகா போன்ல பேச மாட்டா, கூச்சமாம். ஆனா மெசேஜ் பக்கத்துல உக்காந்து பேசற மாதிரியே இருக்கும். போன வாரம் பாருங்க, "தலைவலியா? சுக்கு காபி குடிப்பா"ன்னு வந்துச்சு. அவன் அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. எப்படித் தெரியும்னு கேட்டா, "உன் எழுத்தைப் பார்த்தாலே தெரியுது"ன்னா. சிவராமுக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

லடாக்ல மூணு மாசம் தங்கி எழுத ஒரு பத்திரிகை கூப்பிட்டிருந்துச்சு. அந்த மாதிரி ஒரு வேலைக்காகத்தான் அவன் வீட்டை விட்டே கிளம்பினது. விஷாகாகிட்ட சொன்னப்ப, "போகாதே. இந்த ஞாயித்துக்கெழமை வந்துடறேன். சுத்தினது போதும், ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருக்கலாம்"னா. காலையிலதான் பத்திரிகைக்கு முடியாதுன்னு மெயில் போட்டான். அனுப்பறதுக்கு முன்னாடி நாலு தடவை படிச்சுப் பார்த்தான். அனுப்பினதும் மனசு லேசாயிடுச்சு.

போன் சத்தம் போட்டுச்சு. "மத்தியானம் செங்கல்பட்டு ஸ்டேஷன்ல இறங்கறேன். வந்து கூட்டிட்டுப் போ."

ரெண்டு ரெண்டு படியாத் தாவி இறங்கினான். "ஸ்டேஷனுக்குப் போறேன்க்கா!"

"போ போ. நின்னுகினு இருக்காத, பஸ்ஸை வுட்டுடுவ!"

பஸ் ஸ்டாண்டுல செங்கல்பட்டு வண்டியில ஏறி உக்காந்தப்புறம்தான் பையைத் தடவிப் பார்த்தான். அவ கையில குடுக்க வாங்கின மல்லிப்பூ பக்கத்து ரூம் ஜன்னல்லயே கிடக்கு. வெறுங்கையோட எப்படிப் போய் நிக்கறது? அடுத்த பஸ்ல போய்க்கலாம்னு இறங்கி, வெயில்ல ஓடியே வந்தான்.

அடுப்படியில மீன் சொர்ர்னு பொரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. அக்காவைக் கூப்பிடாம வெளிப்படியில ஏறினான்.

பக்கத்து ரூம் திறந்திருந்துச்சு. அவன் விரிச்ச பெட்ஷீட்டு மேல ஒருத்தன் உக்காந்து ஷூவைக் கழட்டிக்கிட்டிருந்தான். பக்கத்துல லேப்டாப் பை.

"பக்கத்து ரூமா ப்ரோ? நான் பத்ரி. ஊர் ஊராப் போய் எழுதிட்டிருக்கேன்."

"இந்த ரூம்... வேற ஒருத்தங்களுக்கு இல்ல?"

"எனக்குத்தான் ப்ரோ. அக்காதான் சாவி குடுத்தாங்க. பெட்ஷீட்டு, பூவு... என்னா கவனிப்பு!" பத்ரி நெத்தியைப் பிடிச்சுக்கிட்டான். "பஸ்ல வந்ததுல தலை வெடிக்குது. இப்பதான் அக்காகிட்ட தைலம் வாங்கிட்டு வந்தேன்."

கீழ கரண்டிச் சத்தம் நின்னுச்சு. கொஞ்ச நேரத்துல பத்ரியோட போன் 'டிங்'குன்னுச்சு. கரண்டிச் சத்தம் மறுபடியும் ஆரம்பிச்சுது.

போனைப் பார்த்த பத்ரிக்கு மூஞ்சியெல்லாம் சிரிப்பு. "பாருங்க ப்ரோ, என்னை இங்க வரச் சொன்ன பொண்ணு என்ன எழுதியிருக்கான்னு"ன்னு ஸ்கிரீனை சிவராம் பக்கம் திருப்பிக் காட்டினான்.

'தலைவலியா? சுக்கு காபி குடிப்பா.'

"சொல்லாமலே எப்படித்தான் தெரியுதோ ப்ரோ, இந்த விஷாகாவுக்கு!"