எட்டு மணிப் பாதை

“ஒரே ஒரு ஆளுக்காக ஒரு தனிப் பாதையா? கோடு போட்டு அடிச்சிடுங்க அக்கா!” என்றார் பல் டாக்டர்.

சைக்கிள் கடை மாடியில் கிளப் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை சவாரிக்கு மூன்று பாதைகள். மலைப் பாதைக்கு நாற்பது பேர், ஏரிப் பாதைக்கு முப்பது பேர் பதிந்திருந்தார்கள். எளிய பாதைக்கு வந்தது ஒரே ஒரு படிவம்.

மூன்றையும் வரைந்தவர் தபால்காரம்மா. இருபது வருடமாகத் தபால் பையோடு ஊரை மிதித்தவர். எந்தச் சந்தில் எந்த நாய் துரத்தும் என்பதுவரை அவருக்கு அத்துபடி.

“அடிக்க மாட்டேன் டாக்டர். ஆறு கிலோமீட்டர், மேடே கிடையாது. பெரிய ரோட்டைக் குறுக்கே கடக்க வேண்டாம். தடுமாறினா கால் ஊன்றிக்க எங்கெங்க நடைபாதை ஓரம் உயரமா இருக்குன்னு நானே மூணு தடவை மெதுவா ஓட்டிப் பார்த்துக் குறிச்சிருக்கேன்.”

“இது சைக்கிள் கிளப்பா, நடைவண்டிப் பள்ளிக்கூடமா?”

மலை உச்சியை எப்போதும் முதலில் தொடுபவர் டாக்டர்தான். அதை அவர் யாரையும் மறக்க விட்டதும் இல்லை. கிளப் தலைவரான கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“அதுவும் எட்டு மணிக்குப் புறப்பாடாம்! நாங்க ஆறுக்கே கிளம்பிடுவோம். உங்க ஆளுக்கு அதுவரைக்கும் தூக்கம் கலையாதோ?”

“நாலரைக்கே எழுந்துக்கிறவங்க. வீட்டு வேலை முடிச்சிட்டுத்தான் வர முடியும்னாங்க. மூணு மாசமா என்கிட்ட பழகுறாங்க. ரெண்டு தடவை முட்டியைப் பேர்த்துக்கிட்டாங்க, ஆனா விடலை.”

“வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்லலையா?”

“ஆசைப்பட்டுக் கேட்டப்போ, ‘உனக்கெதுக்கு இந்த வேண்டாத வேலை’ன்னு சிரிச்சாங்களாம்.”

“சரியாத்தான் சொல்லியிருக்காங்க!”

தபால்காரம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் குரல் ஏறவில்லை. “எல்லாருக்கும் பாதைன்னு நோட்டீஸ் அடிச்சோம். அந்த ஒருத்தர் மட்டும் வந்தாலும் நான் பக்கத்துலயே ஓட்டிட்டுப் போவேன்.”

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். “ஒருத்தர் பதிஞ்சிருந்தாலும் பாதை உண்டுங்கிறதுதான் நம்ம விதி. அவங்களா விலகினா எடுத்துடலாம்.”

“அவ்வளவுதானே? நம்பரைச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷத்துல நான் பேசி விலக வைக்கிறேன்” என்று டாக்டர் போனை எடுத்தார். “எளிய பாதையில உதவிக்கு ஒதுக்கின நம்ம ஆட்களையும் மலைக்கே அனுப்பிடலாம்.”

“அவங்க நம்பரைத் தர மாட்டேன். அவசரத்துக்குக் கூப்பிடன்னு வீட்டுக்காரர் நம்பர் எழுதியிருக்காங்க. வேணும்னா அவர்கிட்ட பேசிப் பாருங்க.”

“இன்னும் நல்லதாப் போச்சு. ஆம்பளைக்கு ஆம்பளை, சொன்னா புரிஞ்சுப்பார்.”

தபால்காரம்மா படிவத்தைப் பிரித்து ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிதானமாகப் படித்தார். மும்முரமாக அழுத்திக்கொண்டே வந்த டாக்டரின் விரல் பாதியில் நின்றது.

மீதி எண்களை அவர் கேட்கவே தேவையிருக்கவில்லை. அது அவருடைய சொந்த நம்பர்.