வாளி நிறையக் களை

"ஒரே ஒரு கன்னு கொடுங்க சார், எங்க காலேஜ் தோட்டத்துல வச்சுக் காப்பாத்துறோம்" என்று பேராசிரியை மறுபடியும் கெஞ்சினார்.

ரிட்டயர்டு மேனேஜர் செடியடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, களை பிடுங்கி வாளியில் போட்டுக்கொண்டே உச்சுக்கொட்டினார்.

"இருந்தா கொடுக்க மாட்டேனா மேடம்? இந்த மண்ணுக்கே சொந்தமான செடி. காட்டுலயே அழிஞ்சுபோச்சு. இப்போ எங்க வீட்டுல மட்டும்தான் பூக்குது. எத்தனை விதை போட்டாலும் முளைக்கவே மாட்டேங்குது."

"பேப்பர்ல உங்க படத்தோட பார்த்தேன் சார்."

"அடுத்த வாரம் டிவியிலயும் வருது!"

பேராசிரியை பூவை ஒருமுறை தொட்டுப் பார்த்து, பெருமூச்சுடன் கிளம்பினார். கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் மேனேஜரின் மனைவி வெளியே வந்தாள்.

"ஏங்க, இப்படியா கூசாமப் பொய் சொல்வீங்க? வாளி நிறைய இருக்கிறது அதே செடியோட கன்னுதானே?"

"மெதுவா பேசு! வீட்டுக்கு வீடு இது பூத்துக் குலுங்கினா, அப்புறம் நம்ம வாசலை எந்த நாய் எட்டிப் பார்க்கும்? போ, வழக்கம்போல குப்பையில கொட்டு."

மனைவி வாளியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நான் என்னிக்குக் குப்பையில கொட்டினேன்? போன வருஷத்துலேர்ந்து எதிர்வீட்டு அக்காதான் கேட்டு வாங்கிட்டுப் போறாங்க. அவங்க கொல்லைப்பக்க வேலி முழுக்க மொட்டு விட்டிருக்காம். டிவிக்காரங்க வந்தா, அங்கேயும் ஒரு எட்டு அனுப்பி வைக்கச் சொன்னாங்க."