முரண்டு பிடிக்கும் விசிறி

பழைய சாமான் கடை அபுதாகிர், விற்க வரும் எந்த டேபிள் ஃபேனையும் ஓடவிட்டு, கழுத்தைப் பிடித்துத் தூக்கித் திருப்பிப் பார்த்த பிறகுதான் விலை பேசுவார். இறந்துபோன மகனின் அறையிலிருந்து ரோஸ்லின் கொண்டுவந்த ஃபேனை இடப்பக்கம் திருப்பியபோது, அது அந்தப் பக்கம் வராமல் முகத்தை மேலே தூக்கியது.

“வேகமிருக்குற ஃபேன் நாம திருப்புற பக்கம் வராதுக்கா, முரண்டு பிடிக்கும்” என்றவர், வாய்தவறிப் புகழ்ந்துவிட்டோமே என்று, “சத்தந்தான் ஜாஸ்தி” எனச் சேர்த்துக்கொண்டார்.

“அவனும் இப்படித்தான் பாய். இங்க வாடான்னா மூஞ்சியத் தூக்கிட்டு நிப்பான். குடுங்க.”

ரோஸ்லின் வாங்கித் திருப்பினாள். அவள் கையை மீறி அது நிமிர்ந்தது. மறுபக்கம் திருப்பினால் குனிந்தது. அவள் சிரித்தேவிட்டாள். “வீட்டுக்கே கொண்டுபோயிருங்கக்கா” என்று அபுதாகிர் சொல்ல வாயெடுத்தபோது கரண்ட் போனது.

“இப்ப வந்துரும்க்கா” என்றார்.

ரோஸ்லின் விடாமல் திருப்பிக்கொண்டே இருந்தாள். றெக்கைகள் தளரத் தளர முரண்டும் குறைந்தது. கடைசியில், திருப்பிய பக்கமெல்லாம் அது சமர்த்தாகத் திரும்பியது.