அரைஞாணில் ஒரு வளையம்

சென்ற ஆண்டு தன் கையாலேயே காலில் எண் பொறித்த வளையம் பூட்டிப் பறக்கவிட்ட வாத்து திரும்பி வருமென்று, ஐப்பசி பிறந்தது முதல் ஏரிக்கரையில் காத்திருந்தான் பறவைக் காவலன் தளவாய். ஒருநாள் கரையோரத்து வீட்டில் தங்கை பேச்சி தன் குழந்தையை அவன் மடியில் கிடத்தினாள். அரைஞாணில் அவ்வளையம் கோக்கப்பட்டிருந்தது. எண்ணும் அதுவே.

"இது ஏது தாயி?"

"போன தையில அவுக அடிச்சுக் கொண்டாந்த வாத்துக் காலுல கெடந்துச்சுண்ணே. கட்டுனதுலருந்து பிள்ளைக்குக் காய்ச்சலே அண்டல."

வேட்டை நடந்ததென்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தால் அவள் கணவன் சிறை செல்வான். தளவாய் கயிற்றின் முடிச்சில் விரலை வைத்தான்; முடிச்சை அவிழ்க்கவுமில்லை, விரலை எடுக்கவுமில்லை. வெளியே அவ்வாண்டின் முதல் வாத்துக்கூட்டம் குரலெழுப்பியவாறு ஏரியில் இறங்கிற்று. எண்ணுவதற்கு அவன் எழவில்லை.